ரீல்ஸுக்கு லட்சம் பார்வை, கூகுளில் மூன்றாம் பக்கம்

கேள்வி: சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறோம். அப்பா காலத்துக் கடை. சில வருடங்களாக ஆன்லைனிலும் விற்கிறேன். இன்ஸ்டாகிராமில் 46,000 பேர் பின்தொடர்கிறார்கள்; சில ரீல்ஸ் லட்சம் பார்வையைத் தாண்டியிருக்கின்றன. ஆனால் 'சுங்குடி சேலை' என்று கூகுளில் தேடினால் எங்கள் தளம் மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது. இரண்டாயிரம் பேர்கூடப் பின்தொடராத வேறொரு கடை முதல் பக்கத்தில் இருக்கிறது. ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனம், 'சோஷியல் சிக்னல் பேக்கேஜ்' எடுத்தால் மூன்றே மாதத்தில் முதல் பக்கம் உறுதி என்கிறது. மாதம் 18,000 ரூபாய். 5,000 ஷேர், 300 புக்மார்க், பின்ட்ரெஸ்ட் போர்டுகள் எல்லாம் அதில் அடக்கமாம். எடுக்கலாமா? எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்திலும் கணக்குத் தொடங்கச் சொல்கிறார்கள். அது தேவையா? வலைப்பூ எழுதுவோருக்கும் இன்ஃப்ளூயன்சர்களுக்கும் இலவசச் சேலை அனுப்புகிறேன், அது சரியா? எங்கள் தள முகவரியை இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, சின்னாளபட்டி

பதில்: எடுக்காதீர்கள். 18,000 ரூபாயை நூலில் போடுங்கள், சாயத்தில் போடுங்கள், நல்ல வெளிச்சத்தில் சேலைகளைப் படம் எடுக்கப் போடுங்கள். இதில் மட்டும் போட வேண்டாம்.

'முதல் பக்கம் உறுதி' என்ற வார்த்தையைக் கேட்டவுடனேயே போனை வைத்துவிடலாம். கூகுளில் முதலிடத்தை யாராலும் உறுதிசெய்ய முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. உறுதி தருகிறவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? யாருமே தேடாத நீளமான ஒரு சொற்றொடரைத் தேர்ந்தெடுத்து, அதில் உங்கள் தளம் முதலில் வருவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அடுத்த மாத பில்லோடு சேர்த்து அனுப்புவார்கள். அவர்கள் சொல்லும் 300 புக்மார்க் எங்கே போடப்படும் என்று கேட்டுப் பாருங்கள். பிடித்த பக்கங்களின் லிங்க்கைச் சேமித்துப் பகிரும் அந்தக் காலத்துப் புக்மார்க் தளங்களில் பெரிய பெயரான ஸ்டம்பிள்அப்பான் 2018-லேயே மூடிவிட்டது. மிஞ்சியிருப்பவற்றில் பெரும்பாலானவை இப்படி பேக்கேஜ் விற்பவர்களுக்காகவே ஓடுகின்றன. அங்கே சேலை வாங்குகிற மனிதர் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

ஆனாலும் 'லைக், ஷேர் கூடினால் கூகுளில் மேலே வரலாம்' என்ற நம்பிக்கை வெறும் கட்டுக்கதையாகப் பிறக்கவில்லை. ஒரு காலத்தில் அதற்கு ஆதாரம் இருந்தது. 2009 அக்டோபரில் கூகுளும் மைக்ரோசாஃப்ட்டின் தேடுபொறியான பிங்கும் ட்விட்டரோடு ஒப்பந்தம் போட்டன. அந்த டிசம்பரிலேயே கூகுள் முடிவுகளுக்குள் ட்வீட்டுகள் நேரலையாக ஓட ஆரம்பித்தன. அடுத்த வருடம் டிசம்பரில், தேடல் துறையைப் பற்றி எழுதிவந்த டேனி சல்லிவன் என்ற பத்திரிகையாளர் இரண்டு நிறுவனங்களிடமும் நேராகவே கேட்டார்: ஒரு லிங்க் ட்விட்டரில் பகிரப்பட்டால் அதைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்கிறீர்களா? இரண்டுமே ஆமாம் என்றன. பகிர்ந்தவர் எப்படிப்பட்டவர் என்பதையும் பார்ப்பதாகச் சொன்னார்கள். அப்போது கூகுளில் குப்பைத் தளங்களைத் தடுக்கும் வெப்ஸ்பேம் பிரிவுக்குத் தலைவராக இருந்த மாட் கட்ஸும் ஒரு வீடியோவில் அதை உறுதிப்படுத்தினார். எஸ்இஓ எனப்படும், தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவரும் எங்கள் தொழிலில் அன்று கிளம்பிய கூட்டம் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓடுகிறவர்கள் கவனிக்காமல் விட்டது அதற்குப் பிறகு நடந்ததை. 2011 ஜூலையில் ட்விட்டர் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. நேரலைத் தேடலும் அதோடு நின்றது. கூகுள் அதே கோடையில் தன் சொந்தக் கடையாக கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளத்தைத் திறந்தது. 2013-ல் மோஸ் என்ற எஸ்இஓ மென்பொருள் நிறுவனத்தின் ஆய்வு ஒன்று, கூகுள் பிளஸ்ஸின் லைக் போன்ற பிளஸ் ஒன் பட்டன் அதிகம் அழுத்தப்பட்ட பக்கங்கள் தேடலில் மேலே இருக்கின்றன என்றது. கட்ஸ் அதை உடனே மறுத்தார். நன்றாக இருக்கிற பக்கத்தை நாலு பேர் பகிர்வார்கள், நாலு பேர் தங்கள் தளத்திலிருந்து லிங்க்கும் கொடுப்பார்கள். இரண்டும் ஒரே காரணத்தால் வருபவை, ஒன்று மற்றதைக் கொண்டுவருவதில்லை என்பது அவர் வாதம். இன்றைக்கும் உங்களிடம் பேக்கேஜ் விற்க வருபவர் ஒரு கிராஃபைக் காட்டினால், இந்த வாதத்தை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

2014 ஜனவரியில் அவர் போட்ட வீடியோதான் முக்கியம். பேஸ்புக், ட்விட்டர் பக்கங்களை மற்ற வலைப்பக்கங்களைப் போலத்தான் பார்க்கிறோம். இத்தனை பேர் பின்தொடர்கிறார்கள், இத்தனை லைக் என்பதற்கு எங்கள் தரவரிசையில் தனிக் கணக்கு இல்லை என்றார். அதற்கு இரண்டு காரணங்கள் சொன்னார், இரண்டுமே யோசிக்க வேண்டியவை. முதலாவது, அடுத்தவன் வீட்டுக் கதவு: அந்தத் தளங்கள் எப்போது வேண்டுமானாலும் கூகுளின் ரோபோவை உள்ளே விடாமல் அடைத்துவிடலாம், அப்படி ஒருமுறை ஒன்றரை மாதம்போல அடைபட்டும் இருக்கிறது. நாளைக்கே பூட்டப்படக்கூடிய ஒன்றை நம்பி யார் தராசு செய்வார்கள்? இரண்டாவது, மனிதர்கள். இன்று நட்பாக இருப்பவர் நாளை பிளாக் செய்துவிடுவார், பதிவை மறைத்துவிடுவார். கூகுள் ஒரு நொடியில் எடுத்த பிரதி மறுநாளே பழையதாகிவிடும். அந்த வீடியோ வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. பிறகு பேசிய கூகுள்காரர்களும் இதே பதிலைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். கூகுள் பிளஸ்ஸும் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது.

பிங் மட்டும் கொஞ்சம் வேறு. சமூக வலைத்தளங்களில் செல்வாக்கு இருந்தால் அது நல்ல அறிகுறியாகப் படும் என்று தளம் நடத்துவோருக்கான வழிகாட்டியில் அவர்களே எழுதினார்கள். ஆனால் இந்தியாவில் நடக்கும் தேடலில் 95 சதவீதத்துக்கும் மேல் கூகுளில். ஆகையால் அதைப் பற்றிய கவலையை இங்கேயே விட்டுவிடலாம்.

சமூக வலைத்தளங்களில் நீங்கள் போடும் லிங்க்குகளாவது உதவாதா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் உதவாது. 2005-ல் வலைப்பூக்களின் பின்னூட்டங்களில் குப்பை லிங்க்குகள் குவிந்தபோது, 'இதை என் பரிந்துரையாக எண்ணாதே' என்று தேடுபொறிக்குச் சொல்ல நோஃபாலோ என்ற குறியீட்டைக் கொண்டுவந்தார்கள். பெரிய சமூகத் தளங்கள் எல்லாம் வெளியே போகும் லிங்க்குகளில் அதை ஒட்டிவிடுகின்றன. 2019-க்குப் பிறகு கூகுள் அதைக் கட்டளையாக இல்லாமல் ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்கிறது என்பது உண்மை. அதற்காக 5,000 கூலி ஷேர்களுக்கு மதிப்பு வந்துவிடாது.

இனி உங்கள் தளத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய முகவரியில் போய்ப் பார்த்தேன். (கடைப் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.) உங்கள் ரீல்ஸில் என்னென்னவெல்லாம் சொல்கிறீர்கள்! துணியில் சிறு சிறு முடிச்சாகப் போடுவது, சாயத்தில் முக்குவது, காய்ந்தபின் முடிச்சு அவிழ்ந்து வெள்ளைப் புள்ளிகள் தெரிவது, கட்டுச் சுங்குடிக்கும் மெழுகு அச்சுக்கும் என்ன வித்தியாசம் என்பது. கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு வரிகூட உங்கள் தளத்தில் இல்லை. அங்கே இருப்பது 'காட்டன் சேலை 114' என்று ஒரு தலைப்பு, ஒரு படம், ஒரு விலை. படத்துக்குள்ளேயே விவரத்தை எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். 'சுங்குடி சேலை' என்று தேடுகிறவருக்குக் காட்ட, கூகுளுக்கு அங்கே சுங்குடி என்ற சொல்லே சரியாகக் கிடைக்கவில்லை.

முதல் பக்கத்தில் இருக்கும் அந்தக் கடையையும் பார்த்தேன். அதிசயம் ஒன்றும் இல்லை. சுங்குடிக்கென்று தனிப் பக்கம், ஒவ்வொரு வகைக்கும் நாலு பத்தி எழுத்து, துவைக்கும் முறை, நீளம், பிளவுஸ் உண்டா இல்லையா என்ற விவரம். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரை அவர்களுக்கு லிங்க் கொடுத்திருக்கிறது. கூகுள் மேப்பில் நிறைய ரிவ்யூ. அவர்களுடைய இரண்டாயிரம் ஃபாலோயர்களுக்கும் இந்த இடத்துக்கும் சம்பந்தமில்லை. உங்களுடைய 46,000 பேருக்கும் மூன்றாம் பக்கத்துக்கும் அதே அளவு சம்பந்தம்தான்.

அப்படியானால் இன்ஸ்டாகிராமில் நீங்கள் பட்ட பாடு தேடலுக்கு உதவவே உதவாதா? உதவும். ஆனால் சுற்றுவழியில். ஒரு ரீல் பார்த்த பெண் அன்று வாங்க மாட்டார். சம்பளம் வந்தபின், அல்லது தீபாவளி நெருங்கும்போது, கடைப் பெயரைக் கூகுளில் தட்டுவார். முடிவுகளில் உங்கள் தளத்தைத் தேடிப் பிடித்துக் கிளிக் செய்வார். பிடித்துப்போன ஒருவர் தன் வலைப்பூவில் எழுதுவார். ஊடகத்தில் வேலை செய்கிற இன்னொருவர் கண்ணில் பட்டுச் சின்னதாக ஒரு செய்தி வரும். லைக் கூகுளுக்குத் தெரியாது. லைக் போட்டவர் அடுத்து கூகுளில் வந்து செய்வது தெரியும். அமெரிக்க நீதித்துறை கூகுள்மேல் தொடுத்த ஏகபோக வழக்கில், 2023 அக்டோபரில் கூகுளின் துணைத் தலைவர்களில் ஒருவரான பாண்டு நாயக் சாட்சி சொன்னார். தேடியவர்கள் எந்த முடிவைக் கிளிக் செய்தார்கள் என்ற 13 மாதத் தரவை வைத்து இயங்கும் நேவ்பூஸ்ட் என்ற அமைப்பு இருப்பது அந்த வழக்கின்போதுதான் பரவலாகத் தெரியவந்தது. பெயர் தெரிந்த கடையை மக்கள் முடிவுகளில் தேர்ந்தெடுக்கத்தானே செய்வார்கள்? இன்ஸ்டாகிராம் புகழ் தேடலுக்குள் நுழைய ஒரு வாசல் இருந்தால் அது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. (உடனே 'கிளிக் பேக்கேஜ்' விற்கவும் ஆள் வருவார். அதற்கும் இதே பதில்தான்.)

உங்கள் விஷயத்தில் அந்த வாசல் உள்பக்கமாகப் பூட்டியிருக்கிறது. இன்ஸ்டாகிராமில் கடைக்கு ஒரு பெயர். தளத்தின் முகவரியில் அதே பெயர் வேறு எழுத்துக்கூட்டலில். பேஸ்புக்கில் பின்னால் 'பொட்டிக்' சேர்ந்திருக்கிறது. கூகுள் மேப்பிலோ அப்பா பெயரில் டெக்ஸ்டைல்ஸ். ரீல் பார்த்து மனதில் நிறுத்திக்கொண்ட பெயரை ஒருவர் தேடினால் உங்கள் தளம் வரவில்லை. நானே தட்டிப் பார்த்தேன், இன்ஸ்டாகிராம் பக்கமும் வேறு யாரோ ஒருவருடைய கடையும்தான் வந்தன. ஒரே பெயரை, ஒரே எழுத்துக்கூட்டலில், எல்லா இடத்திலும் வையுங்கள். அப்பா பெயரை எடுக்க மனசு வரவில்லை என்றால், கடை பெயர்ப்பலகையில் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதி, மேப்பிலும் அப்படியே மாற்றுங்கள். பலகையில் இல்லாத பெயரை மேப்பில் போடுவது கூகுளின் விதிக்குப் பொருந்தாது. கூகுள் பிசினஸ் புரொஃபைலில் சமூக வலைத்தள முகவரிகளைச் சேர்க்க 2023 முதல் இடம் இருக்கிறது, அதையும் நிரப்புங்கள். தளம் செய்து கொடுத்தவரிடம் 'ஆர்கனைசேஷன் ஸ்கீமாவில் சேம்ஆஸ் போட்டுக் கொடுங்கள்' என்று கேளுங்கள். அரை மணி நேர வேலை. இந்த இன்ஸ்டாகிராம் கணக்கும் இந்தத் தளமும் ஒரே கடைதான் என்று தேடுபொறிக்குச் சொல்லும் வழி அது.

இன்னொன்று, பயோவில் இருக்கும் லிங்க். அது ஏதோ ஒரு லிங்க் தொகுப்புத் தளத்துக்குப் போகிறது, அங்கிருந்து வாட்ஸ்அப்புக்குப் போகிறது. வியாபாரம் வாட்ஸ்அப்பில் முடிகிறது, நல்லது, அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் நடுவில் உள்ள அந்தப் பக்கம் உங்கள் தளத்திலேயே இருக்கட்டும். புதுச் சேலைகள், அளவு விவரம், துவைக்கும் முறை, கீழே வாட்ஸ்அப் பட்டன். வருகிறவர் உங்கள் தளத்தின் பெயரையாவது பார்த்துவிட்டுப் போவார். அடுத்த தடவை அதைத் தேடுவார்.

எதை எழுதுவது என்று குழம்ப வேண்டியதில்லை. உங்கள் ரீல்ஸின் கமெண்டுகளைத் திறந்து வையுங்கள். 'சாயம் போகுமா?', 'கஞ்சி போடணுமா?', 'மெஷின்ல போடலாமா?', 'மடிசாருக்குப் பத்து கஜம் கிடைக்குமா?' என்று மாறி மாறிக் கேட்கிறார்கள். நீங்களும் சலிக்காமல் 'இன்பாக்ஸ் பாருங்க' என்று பதில் போடுகிறீர்கள். எஸ்இஓக்காரர்கள் காசு கொடுத்துக் கருவி வாங்கித் தேடும் சொற்கள் இவைதான். உங்கள் வாடிக்கையாளர்கள் இலவசமாகக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். இன்பாக்ஸில் தரும் பதிலைத் தளத்தில் ஒரு பக்கமாக எழுதுங்கள், பிறகு கமெண்டில் கேட்பவரை அங்கே அனுப்புங்கள். மக்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவதும் அதிகம். அந்த எழுத்துக்கூட்டலும் பக்கத்தில் ஓரிடத்தில் இயல்பாக வரட்டும், ஆனால் பத்து விதமாக எழுதி அடுக்காதீர்கள்.

சமூக வலைத்தளப் பதிவுகளே தேடல் முடிவாக வருவது வேறு விஷயம், இதில் சமீபத்தில் மாற்றம் நடந்திருக்கிறது. 2025 ஜூலை முதல், பொதுவில் இருக்கும் இன்ஸ்டாகிராம் தொழில்முறைக் கணக்குகளின் படங்களையும் வீடியோக்களையும் கூகுள் போன்ற தேடுபொறிகள் காட்ட இன்ஸ்டாகிராம் அனுமதிக்கிறது. உங்கள் கணக்கு அந்த வகைதான். எனவே கேப்ஷனில் வெறும் இதயமும் பூவும் போடுவதை விட்டுவிட்டு, 'மதுரைக் கட்டுச் சுங்குடி, பத்து கஜம், மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர்' என்று எழுதுங்கள். ஒரு எச்சரிக்கை: தளத்தில் உள்ள பக்கம் வெறுமையாக இருந்து, பதிவில் எல்லாம் இருந்தால், கூகுள் பதிவைத்தான் காட்டும். கேப்ஷனில் போடும் முகவரியைக் கிளிக் செய்யவும் முடியாது. வந்தவர் அங்கேயே சுற்றிவிட்டு அடுத்த ரீலுக்குப் போய்விடுவார்.

யூடியூபைக் கொஞ்சம் கவனியுங்கள். 'எப்படித் துவைப்பது', 'எப்படிக் கட்டுவது' போன்ற தேடல்களுக்குக் கூகுள் பல நேரம் வீடியோக்களை மேலே வைக்கிறது. ஷார்ட்ஸ் விவரத்தில் போடும் லிங்க் 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து கிளிக் ஆவதில்லை. ஆகவே நாலைந்து நிமிட வீடியோ ஒன்று எடுத்து, விவரத்தில் லிங்க் கொடுத்து, அதே வீடியோவைத் தளத்தில் உள்ள பக்கத்திலும் பதித்துவிடுங்கள்.

வலைப்பூ எழுதுவோருக்கும் இன்ஃப்ளூயன்சர்களுக்கும் இலவசச் சேலை அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். அனுப்புங்கள், தப்பில்லை. ஆனால் சேலைக்குப் பதிலாக லிங்க் என்பது கூகுள் கணக்கில் காசு கொடுத்து வாங்கிய லிங்க். அதில் 'ஸ்பான்சர்டு' குறியீடு இருக்க வேண்டும், இல்லையென்றால் அது ஸ்பேம் விதிக்குள் வரும். விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்வது இந்திய விளம்பரத் தர மன்றத்தின் 2021 வழிகாட்டுதலும்கூட. லிங்க் கேட்காமல் அனுப்புங்கள். பெயரைச் சரியாகச் சொல்லச் சொல்லுங்கள், அது போதும்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க, தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலைத் திறந்து, செயல்திறன் அறிக்கையில் உங்கள் கடைப் பெயர் வரும் தேடல்களை மட்டும் வடிகட்டுங்கள். 16 மாதத் தரவு கிடைக்கும். ரீல் ஓடிய வாரத்துக்கு அடுத்தடுத்த வாரங்களில் பெயர்த் தேடல் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபாலோயர் எண்ணிக்கையைவிட எனக்கு இந்தக் கோடுதான் முக்கியம். தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸில் வாட்ஸ்அப் வழியாக வருகிறவர்கள் பெரும்பாலும் 'டைரக்ட்' என்று விழுவார்கள். எனவே பயோவுக்கும் வாட்ஸ்அப்புக்கும் எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் தனித்தனி யூடிஎம் குறியீடு போட்ட லிங்க் வையுங்கள்.

கடைசியாக எக்ஸ். 2015-ல் கூகுள் ட்விட்டரோடு மறுபடி ஒப்பந்தம் போட்டது, தேடலில் ட்வீட்டுகள் திரும்பவும் தெரிந்தன. ஆனால் ட்வீட்டைத் தேடலில் காட்டுவது ஒன்று, ட்வீட்டை வைத்து உங்கள் தளத்தை உயர்த்துவது வேறொன்று. அங்கே காட்டப்படுபவையும் பெரும்பாலும் செய்தி, கிரிக்கெட், பிரபலங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் இருக்கிறார்கள். கடைப் பெயரை வேறு யாரும் எடுத்துவிடாதபடி எக்ஸில் ஒரு கணக்கைப் பதிந்து, தள முகவரியைப் போட்டு விட்டுவிடுங்கள். தினம் பதிவிட வேண்டாம். அந்த நேரத்தில் மடிசார் பத்து கஜம் பக்கத்தை முதலில் எழுதி முடியுங்கள். கமெண்டில் அதிகம் பேர் கேட்பது அதுதான். தேடிப் பார்த்தவரை, அதற்கு உருப்படியான ஒரு தமிழ்ப் பக்கம் என் கண்ணில் படவில்லை.